தாவுங் குழந்தை: ஒரு பால்பல் மண்டை ஓடும் 22 வருட வழக்கும்

மனிதப் பரிணாமம் என்று பேச ஆரம்பித்தாலே நம்மில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது 'லூசி'தான். 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த எலும்புக்கூடு. பெயர் மனசில் நிற்பது சுலபம். ஆனால் லூசியைக் கண்டெடுத்தவர்களுக்கு, தங்கள் கையில் இருப்பது எந்த வகை உயிர் என்று யோசிக்க ஒரு பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. 'ஆஸ்ட்ரலோபித்திகஸ்'. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது, லூசிக்குச் சரியாக 50 வருடம் முன்னால், 1924-ல், தென்னாப்பிரிக்காவில் ஒரு சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த குழந்தையின் மண்டை ஓடு. ஒரு பால்பல்கூட விழாத குழந்தை.

இந்தப் பதிவு அந்தக் குழந்தையைப் பற்றியது. கண்டுபிடித்த கதை ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட எனக்கு சுவாரசியமாகப் படுவது வேறொன்று: கண்ணெதிரே வைத்த ஆதாரத்தை அன்றைய உலகத்தின் பெரிய நிபுணர்கள் ஏன் 22 வருடம் ஏற்கவில்லை? அவர்கள் முட்டாள்கள் இல்லை. அதுதான் விஷயமே.

தங்கத்திலிருந்து ஆரம்பிக்கணும். ஜோகன்னஸ்பர்க் தங்கத்தால் முளைத்த ஊர். பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க சயனைடு கரைசல் பயன்படுத்துவார்கள். அந்தக் கரைசல் அமிலத்தன்மை அடையாமல் பார்த்துக்கொள்ள சுண்ணாம்பு வேண்டும், டன் கணக்கில். அதனால் சுண்ணாம்புக்கல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் குவாரி தோண்டினார்கள். கலஹாரி பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் தாவுங் அப்படி ஒரு இடம். ஸ்வானா மொழியில் 'சிங்கத்தின் இடம்' என்று அர்த்தம். அங்கே பக்ஸ்டன் என்ற இடத்தில் 'நார்தர்ன் லைம் கம்பெனி' குவாரி நடத்திக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் செங்குத்துச் சரிவில் பழைய குகைகள். குகைக்குள் மண்ணும் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிப் பாறையாகியிருந்தன. அந்தப் பாறைக்குள் எலும்புகள். குவாரிக்காரர்களைப் பொறுத்தவரை அது கழிவு. சுத்தமான சுண்ணாம்பு இல்லை என்பதால் ஒதுக்கிப் போடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால், தாவுங் மட்டுமில்லை. பின்னால் புகழ்பெற்ற ஸ்டெர்க்ஃபொன்டைன், மக்கபன்ஸ்காட் எல்லாமே சுண்ணாம்புக் குவாரிகள்தான். தென்னாப்பிரிக்காவின் ஆதிமனித ஆய்வில் பாதி, காளவாய்க்குப் போகாமல் தப்பித்த கற்களைக் கொண்டு எழுதப்பட்டது. தப்பிக்காமல் வெந்து சுண்ணாம்பாகிப் போனவை எத்தனையோ, யாருக்கும் தெரியாது.

இப்போது ரேமண்ட் டார்ட். 1893-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்தவர். லண்டனில் கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற மூளை உடற்கூறு நிபுணரிடம் வேலை பார்த்தவர். 1923-ல் ஜோகன்னஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்துக்கு உடற்கூறியல் பேராசிரியராக வந்தார். விரும்பி வரவில்லை. லண்டனை விட்டுவிட்டு உலகத்தின் ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டார்களே என்ற குறை அவருக்கு இருந்தது. வந்து பார்த்தால் ஆய்வகத்தில் ஒன்றுமே இல்லை. அருங்காட்சியகம் உருவாக்க வேண்டும், எலும்புகள் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லி வைத்தார்.

அந்த மாணவர்களில் ஒருவர் ஜோசஃபின் சால்மன்ஸ். குவாரிக் கம்பெனியின் இயக்குநர் ஐசாட் வீட்டுக்குப் போனபோது, கணப்பு மேடையில் அலங்காரமாக வைத்திருந்த ஒரு பபூன் குரங்கின் மண்டை ஓட்டைப் பார்த்தார். சாதாரண மண்டை ஓடு இல்லை, கல்லாகிப்போனது. கொண்டுவந்து டார்ட்டிடம் காட்டினார். இந்தக் கதையில் எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. சால்மன்ஸ் அன்றைக்கு அதை வெறும் அலங்காரப் பொருளாகப் பார்த்துவிட்டு காபி குடித்துவிட்டு வந்திருந்தால் மேலே சொல்ல எதுவுமே இல்லை.

டார்ட்டின் சக பேராசிரியர், நிலவியலாளர் யங், அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது குவாரியில் சொல்லி வைத்தார். அங்கே டி புருய்ன் என்ற குவாரிக்காரர், வெடி வைத்து உடைந்த பாறையில் வித்தியாசமாகத் தெரிந்த ஒன்றை எடுத்து வைத்திருந்தார். பதிவுகளில் பெயரோடு இருப்பது அவர் மட்டும்தான். 1920-களின் தென்னாப்பிரிக்கக் குவாரியில் பாறையைத் துளைத்து, உடைத்து, சுமந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை.

1924 நவம்பர் கடைசியில் கற்கள் டார்ட்டிடம் வந்து சேர்ந்தன. அன்று அவர் வீட்டில் நண்பர் ஒருவரின் கல்யாணம், டார்ட்தான் மாப்பிள்ளைத் தோழன், கோட்டின் காலரை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை உடைக்கப் போனார், மாப்பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுத்தார் என்று ஒரு கதை உண்டு. டார்ட்டே 1959-ல் எழுதிய நினைவுக்குறிப்பில் சொல்கிறார். 35 வருடம் கழித்து எழுதிய ஞாபகம். நல்ல கதைதான், ஆனால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கணும்.

பெட்டியில் அவர் முதலில் பார்த்தது மண்டை ஓடு இல்லை, மூளை. அதாவது மூளையின் அச்சு. செத்த பிராணியின் மண்டைக்குள் சுண்ணாம்பு கலந்த மணல் போய் நிறைந்து இறுகிவிட்டால், உள்பக்கத்தின் மடிப்புகளையும் ரத்தக்குழாய் தடங்களையும் அச்செடுத்த மாதிரி ஒரு கல் கிடைக்கும். தாவுங்கில் கிடைத்த அச்சின் ஒரு பக்கம் முழுசாக இருந்தது. இன்னொரு பக்கம் கால்சைட் படிகங்களாக மின்னிக்கொண்டிருந்தது. இந்தக் கல் வேறு யாரிடம் போயிருந்தாலும் 'ஏதோ உருண்டைக் கல்' என்று போயிருக்கும். மூளை அச்சுகளைப் பார்த்துப் பழகியவர்கள் அன்றைக்கு உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதில் ஒருவரின் மாணவர் கையில், ஜோகன்னஸ்பர்க்கில், அது வந்து விழுந்தது.

பபூனுக்கு இவ்வளவு பெரிய மூளை கிடையாது. அச்சு சரியாகப் பொருந்துகிற பள்ளத்தோடு இன்னொரு கல்லும் இருந்தது. அதற்குள்தான் முகம் இருக்கணும். தொல்லுயிர் எச்சத்தைக் கல்லிலிருந்து பிரிக்கிற கருவி எதுவும் டார்ட்டிடம் இல்லை. சுத்தியல், உளி, அப்புறம் மனைவி டோராவின் பின்னல் ஊசி. ஊசியைத் தீட்டிக் கூராக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 23-ம் தேதி, முகம் வெளியே வந்தது. முழுசான பால்பல் வரிசை. அதற்குப் பின்னால் அப்போதுதான் முளைத்திருந்த முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள்.

டார்ட் கவனித்தவற்றில் முக்கியமானவை மூன்று. ஒன்று, கோரைப் பல். சிம்பன்சி, கொரில்லாக் குட்டிகளுக்குப் பால்பல்லிலேயே கோரை நீட்டிக்கொண்டு இருக்கும். இந்தக் குழந்தைக்கு அது சின்னது, மனிதக் குழந்தையைப் போல. இரண்டு, தண்டுவடம் மண்டைக்குள் நுழைகிற ஓட்டை இருக்கும் இடம். நாலு காலில் போகும் பிராணிக்கு அந்த ஓட்டை மண்டையின் பின்பக்கம் இருக்கும். நமக்குத் தலை கழுத்தின் மேலே குடம் மாதிரி நேராக உட்கார்ந்திருப்பதால் ஓட்டை அடிப்பக்கம் நடுவில் இருக்கும். இந்தக் குழந்தைக்கு அது முன்னால் தள்ளி இருந்தது. அப்படியென்றால் இது நிமிர்ந்து நடந்த உயிர். மூன்று, மூளையின் பின்பக்கம் இருக்கிற ஒரு பிறை வடிவ மடிப்பு. குரங்குகளில் அது முன்னால் இருக்கும், மனிதரில் பின்னால் தள்ளிப்போயிருக்கும். தாவுங்கில் அது பின்னால் இருக்கிறது என்றார்.

இதில் டார்ட் ரொம்பப் பெருமைப்பட்டது மூன்றாவது வாதத்தில்தான், ஏனென்றால் மூளை அவருடைய துறை. வேடிக்கை என்னவென்றால் அதுதான் கடைசிவரை இழுபறியாகக் கிடந்தது. 1980-ல் டீன் ஃபால்க் என்ற ஆய்வாளர் அந்த மடிப்பு குரங்குகளுக்கு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்றார். ரால்ஃப் ஹாலவே மறுத்தார். இரண்டு பேரும் வருடக்கணக்கில் கட்டுரை மேல் கட்டுரையாக மோதிக்கொண்டார்கள். ஆனால் அவர் தன் துறைக்கு வெளியே நின்று சொன்ன பல்லும் அந்த ஓட்டையும் அசையாமல் நின்றன.

மூளையின் அளவு? இப்போதைய கணக்குப்படி 400 சி.சி.-க்குக் கொஞ்சம் குறைவு. சிம்பன்சி அளவுதான். நம் மூளை சராசரியாக 1,350 சி.சி. பக்கம். ஆக, சின்ன மூளை, மனிதப் பல், மனித நடை. இந்தச் சேர்க்கையை அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தது இதற்கு நேர் தலைகீழ்.

டார்ட் அவசரக்காரர். முகம் வெளிவந்து இரண்டு வாரத்துக்குள் கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1925 பிப்ரவரி 7-ம் தேதி 'நேச்சர்' இதழில் வந்தது. அதற்குச் சில நாள் முன்னாலேயே ஜோகன்னஸ்பர்க் 'ஸ்டார்' பத்திரிகை செய்தியைப் போட்டு உடைத்துவிட்டது. பெயர்: ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆஃப்ரிகானஸ், 'ஆப்பிரிக்காவின் தெற்கத்திக் குரங்கு'. முதல் பாதி லத்தீன், பின் பாதி கிரேக்கம். இப்படி மணிப்பிரவாளமாகப் பெயர் வைக்கலாமா என்று அதற்கே ஒரு சண்டை. கண்டுபிடிப்பை ஏற்காதவர்கள்கூட முதலில் இலக்கணத்தைத் திருத்தக் கிளம்பினார்கள். அறிஞர் உலகம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.

அடுத்த வாரமே 'நேச்சர்' நாலு நிபுணர்களின் கருத்தை வெளியிட்டது. ஆர்தர் கீத், கிராஃப்டன் எலியட் ஸ்மித், ஆர்தர் ஸ்மித் வுட்வர்ட், டக்வொர்த். யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் ஏற்கவும் இல்லை. கீத்தின் முடிவு: இது கொரில்லா, சிம்பன்சி வகையறா. அந்த வருடக் கோடையில் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் தாவுங் மண்டையின் வார்ப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. கீத் மாதிரி ஆளும் கூட்டத்தோடு கூட்டமாகக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கடுப்பும் சேர, டார்ட்டின் வாதம் அபத்தம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

பொதுஜனம் தனி ரகம். டார்ட்டுக்கு நரகம்தான் என்று சாபமிட்டுக் கடிதங்கள் வந்தன. அமெரிக்காவின் டென்னஸியில், பள்ளியில் பரிணாமம் சொல்லிக் கொடுத்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்ததும் இதே 1925-ல்தான்.

சரி, நிபுணர்கள் ஏன் மறுத்தார்கள்? அவர்கள் பக்கத்தை நியாயமாகச் சொல்லிவிடணும். முதலாவது, இது குழந்தை. சிம்பன்சிக் குட்டியின் படத்தைப் பாருங்கள்: உருண்டைத் தலை, தட்டையான முகம், மனிதச் சாயல். வளர வளரத்தான் புருவ மேடும் நீண்ட தாடையும் வரும். குட்டியை வைத்துக்கொண்டு 'மனிதச் சாயல் தெரிகிறது' என்றால் எப்படி நம்புவது? இரண்டாவது, வயது தெரியாது. குவாரியில் வெடி வைத்து எடுத்த கல். எந்த அடுக்கில் இருந்தது என்று சொல்ல டார்ட்டால் முடியவில்லை. மூன்றாவது, இருப்பது ஒன்றே ஒன்று. இந்த மூன்றையும் இன்றைக்கு ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரை வந்தாலும் கேட்பார்கள். கேட்கணும்.

ஆனால் இதே கறாரை அவர்கள் எல்லா இடத்திலும் காட்டினார்களா? இங்கேதான் பில்ட்டவுன் வருகிறது.

1912-ல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்ற ஊரில், சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞர் சரளைக்கல் குழியிலிருந்து மண்டைத் துண்டுகளும் தாடையும் எடுத்ததாகச் சொன்னார். ஸ்மித் வுட்வர்ட் அவரோடு சேர்ந்து உலகத்துக்கு அறிவித்தார். மண்டை பெரிசு, மனிதருடையது. தாடை குரங்குடையது. பெரிய மூளை முதலில் வந்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது என்று நம்பியவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கீத்தும் எலியட் ஸ்மித்தும் ஆளுக்கொரு விதமாக அந்த மண்டையைப் பொருத்திக் காட்டி வருடக்கணக்கில் வாதாடினார்கள். ஒன்று கவனியுங்கள்: டார்ட்டின் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன நாலு பேரில் மூன்று பேர் பில்ட்டவுனில் முதலீடு செய்தவர்கள். தாவுங் சரியென்றால் பில்ட்டவுன் தப்பு. இரண்டும் ஒரே குடும்ப மரத்தில் உட்கார முடியாது.

அதோடு இடம். 1871-லேயே டார்வின், மனித மூதாதையர் ஆப்பிரிக்காவில் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எழுதிவிட்டார், ஏனென்றால் நமக்கு நெருங்கிய சொந்தமான சிம்பன்சியும் கொரில்லாவும் அங்கேதான் இருக்கின்றன. எளிமையான தர்க்கம். ஆனால் 1891-ல் டுபுவா ஜாவாவில் 'ஜாவா மனிதனை' எடுத்த பிறகு எல்லார் கண்ணும் ஆசியா பக்கம் திரும்பிவிட்டது. 1920-களின் கடைசியில் சீனாவின் சோகோடியனில் 'பீக்கிங் மனிதன்' கிடைத்ததும் ஆசியா உறுதி என்றே நினைத்தார்கள். ஐரோப்பியர்கள் ஆண்டுகொண்டிருந்த ஆப்பிரிக்கா, அவர்களுடைய பாட்டன் வீடாக இருக்கும் என்பது பலருக்கு யோசனையிலேயே இல்லை. இதை யாரும் கட்டுரையில் எழுத மாட்டார்கள். ஆனால் எந்தக் கேள்வியை யாரிடம் எவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்பதில் அது தெரிந்துவிடும்.

1931-ல் டார்ட் மண்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனார். இதற்குள் தாடைகள் இரண்டையும் பிரித்து, பற்களின் மெல்லும் பரப்பையும் வெளியே கொண்டுவந்திருந்தார். நேரம் சரியில்லை. பீக்கிங் மனிதன் புது மாப்பிள்ளையாக ஊர்வலம் வந்துகொண்டிருந்த சமயம். நல்ல படங்களோடு அதைப் பற்றி ஒரு பேச்சு நடந்து முடிந்த அதே மேடையில், டார்ட் கையில் ஒரு சின்ன மண்டையோடு ஏறினார். எடுபடவில்லை. அவர் எழுதிய பெரிய ஆய்வு நூலை வெளியிட ராயல் சொசைட்டி மறுத்துவிட்டது. போதாக்குறைக்கு, அந்தப் பயணத்தின் போது டோரா மண்டை ஓடு இருந்த பெட்டியை டாக்சியில் மறந்து வைத்துவிட்டார். டாக்சிக்காரர் கண்டெடுத்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்ததால் திரும்பக் கிடைத்தது. 25 லட்சம் வருடம் பத்திரமாக இருந்த ஒரு பொருளுக்கு லண்டன் டாக்சியில்தான் ஆபத்து வந்தது.

டார்ட் சோர்ந்துபோய் இந்த விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார். வழக்கை எடுத்து நடத்தியவர் இன்னொருத்தர்.

ராபர்ட் புரூம். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். பாலூட்டிகளுக்கு முந்தைய ஊர்வன எச்சங்களில் உலகப் புகழ் பெற்றவர். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு குவாரியில் கல் உடைக்கிற ஆள். 1925-ல் செய்தி வந்த இரண்டு வாரத்தில் டார்ட்டின் ஆய்வகத்துக்குள் நுழைந்து, டார்ட்டைக்கூடப் பார்க்காமல் நேராக மண்டை ஓட்டுக்கு முன்னால் போய் மண்டியிட்டவர். 'குழந்தையை வைத்து ஜெயிக்க முடியாது, பெரியவர் ஒருத்தர் வேண்டும்' என்பது அவருக்குப் புரிந்தது. 1936-ல், 69 வயதில், ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஸ்டெர்க்ஃபொன்டைன் குவாரிக்குப் போனார். சில நாட்களிலேயே குவாரி மேலாளர் ஒரு மூளை அச்சை எடுத்துக் கொடுத்தார். வளர்ந்த ஆஸ்ட்ரலோபித்திகஸ். 1938-ல் பக்கத்திலேயே குரோம்டிராயில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சட்டைப் பையில் பற்களை வைத்துக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டுப் பள்ளிக்கே போய்விட்டார். அது வேறொரு இனமாக இருந்தது, பெரிய கடைவாய்ப் பல்லோடு. பாராந்திரோபஸ்.

போர் முடிந்த பிறகு, நிலவியலாளர் துணையில்லாமல் தோண்டக்கூடாது என்று அரசாங்கக் குழு ஒன்று அவருக்குத் தடை போட்டது. புரூம் மதிக்கவில்லை. 1947 ஏப்ரலில் ஸ்டெர்க்ஃபொன்டைனில் வெடி வைத்தார். பாறை பிளந்தபோது உள்ளே ஒரு முழு மண்டை ஓடு, வெடியில் இரண்டாக உடைந்து. 'மிஸஸ் பிளெஸ்' என்று பத்திரிகைகள் கொண்டாடியது அதைத்தான். அதே வருடம் ஆகஸ்டில் கிடைத்தது அதைவிட முக்கியம் என்பேன்: முதுகெலும்புகளோடு ஒரு இடுப்பெலும்பு. சிம்பன்சியின் இடுப்பெலும்பு நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இது குட்டையாக, அகலமாக, கிண்ணம் மாதிரி. நம்முடையது போல. நிமிர்ந்து நடந்ததா என்ற கேள்விக்கு மண்டையின் அடியில் இருக்கும் ஓட்டையை வைத்து வாதாடிக்கொண்டிருந்த காலம் அன்றோடு முடிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டின் லெ கிராஸ் கிளார்க்கும் அந்தச் சமயத்தில் தென்னாப்பிரிக்கா வந்து மூல எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். வருவதற்கு முன்னால் ஏராளமான சிம்பன்சி, கொரில்லா மண்டைகளை அளந்து, குரங்குகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்க முடியும் என்று கணக்கெடுத்துவிட்டு வந்தார். 1947 ஜனவரியில் நைரோபியில் நடந்த மாநாட்டில் டார்ட்டும் புரூமும் சொன்னது சரி என்று அறிவித்தார். கீத் அப்போது 80 வயதைத் தாண்டியவர். அதே வருடம் 'நேச்சர்' இதழில், டார்ட் சரி, தான் தப்பு என்று வெளிப்படையாக எழுதினார். இந்த வகை உயிர்களுக்கு 'டார்ட்டியன்' என்று பெயர் வைக்கலாம் என்றும் சொன்னார். 22 வருடம் எதிர்த்தவர் எழுதிய வரி அது. எனக்கு கீத் மேல் ஆயிரம் குறை உண்டு, ஆனால் இந்த ஒரு கடிதத்துக்காக மரியாதையும் உண்டு. இருந்தாலும், அடுத்த வருடமே, 750 சி.சி. மூளையாவது இருந்தால்தான் 'மனிதன்' என்று ஒரு கோடு கிழித்துவிட்டார். பழைய பாசம் விடவில்லை.

பில்ட்டவுன் 1953-ல் உடைந்தது. ஓக்லி, வைனர், லெ கிராஸ் கிளார்க் மூவரும் சேர்ந்து அது மோசடி என்று நிரூபித்தார்கள். மனித மண்டை, ஒராங்குட்டான் தாடை. பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றிப் பழசாக்கியிருந்தார்கள். 41 வருடம்! தாவுங்கின் பல்லை அத்தனை சந்தேகத்தோடு பார்த்தவர்கள், தங்கள் ஊர்ப் பல்லில் அரம் போட்ட கோட்டைப் பார்க்கவில்லை.

காலா, மூளையா எது முதலில் என்ற வழக்கு 1970-களில் மேலும் இறுகியது. லூசிக்கும் சின்ன மூளைதான், நடந்தது இரண்டு காலில்தான். தான்சானியாவின் லாயிடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் சுமார் 36 லட்சம் வருடம் பழையவை. நடை வந்து பல லட்சம் வருடம் கழித்துத்தான் மூளை பெருக்க ஆரம்பித்தது. ஆஃப்ரிகானஸ் நமக்கு நேர்ப் பாட்டனா, இல்லை பெரியப்பா வழியா என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

டார்ட் ஜெயித்தார் என்று இங்கே நிறுத்திவிடுவதுதான் வழக்கம். நான் படித்த பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் அதற்கப்புறம் அவர் செய்தது இருக்கிறதே.

1936-ல் டார்ட் கலஹாரிக்கு ஒரு குழுவோடு போய், அங்கிருந்த சான் மக்களை அளந்தார், முகத்தில் சாந்து பூசி அச்செடுத்தார். இனங்களை வகை பிரிக்கும் அந்தக் கால 'அறிவியல்'. அப்படி அளக்கப்பட்ட ஒரு பெண் சில வருடத்தில் இறந்தபோது, அவர் உடலைத் தருவித்து எலும்புக்கூட்டைப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். மனிதகுலத்தின் தொட்டில் ஆப்பிரிக்கா என்று உலகத்தோடு சண்டை போட்டவர், எதிரே உயிரோடு நின்ற ஆப்பிரிக்கர்களை மாதிரிப் பொருளாகப் பார்த்தார். அந்த நாட்டிலோ, நிறவெறி ஆட்சிக் காலத்தில் பள்ளிப் பாடத்தில் பரிணாமத்துக்கே இடம் இல்லை. குழந்தை கிடைத்த மண்ணின் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று அவருடைய 'கொலைகாரக் குரங்கு' கொள்கை. மக்கபன்ஸ்காட் குகையில் கிடைத்த ஆயிரக்கணக்கான உடைந்த எலும்புகளைப் பார்த்து, ஆஸ்ட்ரலோபித்திகஸ் எலும்பையும் பல்லையும் கொம்பையும் ஆயுதமாக வைத்து வேட்டையாடியது, தங்களுக்குள்ளும் கொன்றுகொண்டது என்றார். 1953-ல் எழுதினார். ராபர்ட் ஆர்ட்ரி என்ற நாடக எழுத்தாளர் அதை எடுத்து 1961-ல் ஒரு புத்தகமாக எழுத, அது அமோகமாக விற்றது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் தொடக்கத்தில் ஒரு குரங்கு எலும்பைத் தூக்கி அடிக்குமே, அந்தக் காட்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது. மனிதன் பிறவியிலேயே கொலைகாரன் என்ற எண்ணம், உலகப்போர் பார்த்த தலைமுறைக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

இதைச் சத்தமில்லாமல் கவிழ்த்தவர் பாப் பிரெய்ன். ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் வருடக்கணக்கில் வேலை செய்தவர். கூச்சல் போடவில்லை. சிறுத்தையும் கழுதைப்புலியும் முள்ளம்பன்றியும் எலும்பை என்ன செய்கின்றன, எந்த எலும்பு மிஞ்சுகிறது என்று எண்ணினார். குகையில் கிடைத்த எலும்புகள் வேட்டைக்காரன் சேர்த்தவை இல்லை, வேட்டையாடப்பட்டவை என்று காட்டினார். ஒரு சின்ன வயது பாராந்திரோபஸ் மண்டையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப் பற்களை அதில் வைத்தால் அப்படியே பொருந்தின. குகை மேல் வளர்ந்த மரத்தில் சிறுத்தை இரையை வைத்துத் தின்ன, மிச்சம் கீழே குகைக்குள் விழுந்திருக்கிறது.

அப்படியானால் தாவுங் குழந்தை எப்படிச் செத்தது? அதன் வயதையே முதலில் தப்பாகத்தான் நினைத்திருந்தார்கள். முதல் கடைவாய்ப் பல் முளைத்திருந்ததால் டார்ட் 6 வயது என்றார், மனிதக் குழந்தைக்கு அந்தப் பல் வருவது அப்போதுதான். 1980-களில் பல் எனாமலில் இருக்கும் வளர்ச்சிக் கோடுகளை மரத்தின் வளையம் எண்ணுகிற மாதிரி எண்ணிப் பார்த்தபோது, இந்த இனம் குரங்குகளின் வேகத்தில் வளர்ந்தது தெரிந்தது. தாவுங் குழந்தைக்கு 3-லிருந்து 4 வயதுதான்.

1995-ல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் ஒரு யோசனை சொன்னார்கள். தாவுங்கில் கிடைத்த எலும்புகள் பெரும்பாலும் சின்னப் பிராணிகளுடையவை. பபூன் மண்டைகளில் வித்தியாசமான துளைகளும் கீறல்களும் இருந்தன. சிறுத்தை செய்வது மாதிரி இல்லை. இது ஒரு பெரிய கழுகின் வேலை. 'கழுகு இவ்வளவு பெரிய குழந்தையைத் தூக்குமா' என்று உடனே கேட்டார்கள். நம்ம ஊரில் பருந்து கோழிக்குஞ்சைக் கொத்திக்கொண்டு போவதை வைத்து யோசித்தால் நம்ப முடியாதுதான். ஆனால் ஆப்பிரிக்காவின் கொண்டைக் கழுகு தன்னைவிட எடை அதிகமான மானையும் குரங்கையும் கொல்லும். முழுசாகத் தூக்காது. கொன்ற இடத்திலேயே துண்டு போட்டு, பகுதி பகுதியாகக் கூட்டுக்குக் கொண்டுபோகும். தாவுங்கில் இந்தக் குழந்தையின் தலை மட்டும்தான் கிடைத்தது, உடம்பில் வேறெதுவும் இல்லை.

ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டில் கொண்டைக் கழுகுக் கூடுகளுக்குக் கீழே விழுந்து கிடந்த குரங்கு மண்டைகளை ஸ்காட் மெக்ராவும் அவர் குழுவினரும் சேகரித்து ஆராய்ந்தார்கள். கழுகு கண்ணையும் மூளையையும் தின்ன நகத்தையும் அலகையும் கண்குழி வழியாக விடும். அப்போது கண்குழியின் அடியில் சின்னத் துளைகளும் ஓரம் கிழிந்த கீறல்களும் விழும். அதைப் படித்த பெர்கர் பெட்டகத்திலிருந்து தாவுங் குழந்தையை எடுத்து, இரண்டு கண்குழிகளுக்கும் உள்ளே பார்த்தார். அதே துளை, அதே கிழிசல். 2006-ல் வெளியிட்டார்.

டார்ட், புரூம், லெ கிராஸ் கிளார்க் என்று அத்தனை பேரும் 80 வருடமாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் பல்லையும் மூளையையும் அளந்தார்கள். தடயம் கண்ணுக்குள் இருந்தது.